லைஃப் ஜாக்கெட் போட்டா விசுவாசம் கொறைஞ்சிருமா? வள்ளத்துக்கு வாங்குன ஜாக்கெட் பத்தி ஒரு ரிவ்யூ

மொதல்லயே தீர்ப்ப சொல்லிருதேன், நேரம் இல்லாதவிய இதோட போயிரலாம். ஜாக்கெட் கொள்ளாம். ஆள மெதக்க வைக்கும், மூஞ்சிய தண்ணிக்கு மேல வைக்கும், ராத்திரி டார்ச் அடிச்சா தூரத்துலயே மினுங்கும். ஆனா காலுக்கு எடையில போற கால் பட்டை ஜாக்கெட்டோட வராது, தனியா தைக்கணும். கூட குடுத்த விசில் சுத்த சவம். ஜிப்பு உப்புத்தண்ணி பட்டு சீக்கிரமே துருப்பிடிச்சு பல்ல இளிச்சிட்டு. அஞ்சுக்கு மூணரை. கம்பெனி பேரு போடல, ஏன்னா இதே துணி இதே தையல்ல நாலஞ்சு பேருல விக்காவ, பேர விட்டுட்டு கீழ சொல்லுத விஷயங்கள பாத்து வாங்குங்க.

இத ஏன் ஒக்காந்து எழுதுதேன்னா, வாங்கதுக்கு முன்னால நெட்ல தேடித்தேடி படிச்சேன், எல்லாம் நீச்சல் கொளத்துக்கு பிள்ளைக்கு வாங்குனவிய, டூர் போனவிய எழுதுனது. கலர் சூப்பர், டெலிவரி ஃபாஸ்ட், பேக்கிங் குட். நமக்கு வேண்டிய கேள்வி ஒண்ணுக்கும் பதில் இல்ல. இத போட்டுக்கிட்டு வல இழுக்க முடியுமா, பட்டையில தூண்டி முள்ளு கொளுவுமா, கவுச்சி கழுவுனா போவுமா, மண்ணெண்ண பட்டா என்ன ஆவும், ஒண்ணும் கெடையாது.

நாங்க ஃபைபர் வள்ளத்துல தொழில் பாக்குதவிய. கொளச்சலுக்கும் முட்டத்துக்கும் எடையில ஒரு ஊரு. வள்ளத்துல அஞ்சு பேரு, நான், என் தம்பி, அக்கா மவன், பக்கத்து வீட்டு அண்ணன் ஒருத்தரு, அப்புறம் மாமா. மாமாதான் எஞ்சின் பிடிப்பாவ. இங்க மேக்கு கடல்ல விசைப்படகுக்கு ஜூன் 1ல இருந்து ஜூலை 31 வரைக்கும் தடைக்காலம், பெரிய போட்டு எல்லாம் கட்டிக் கெடக்கும், அந்த ரெண்டு மாசந்தான் எங்க மீனுக்கு ஒரு வெல கெடைக்கும், ஆனா அதுதான் ஆனி ஆடி, கடலு ஏறி நிக்குத சமயம். வெல இருக்கப்ப பயமும் இருக்கும், பயம் இல்லாத நேரத்துல வெல இருக்காது. இதாக்கும் எங்க பொழப்பு. அந்த சீசனுக்கு முன்னாலதான் அஞ்சு ஜாக்கெட்டும் வாங்குனது, ஒண்ணு 1,800 ரூவாய்க்கு கிட்ட வந்துது.

வாங்கும்போது ஜாக்கெட்டுக்கு உள்ள ஒரு நம்பர் போட்டிருக்கும் பாருங்க, 50, 100, 150, 275ன்னு, மெதக்க வைக்குத சக்தி, நியூட்டன் கணக்குல. அதுதான் மெயின், கலர எல்லாம் விட்டுருங்க. 50 போட்டது நல்லா நீந்தத் தெரிஞ்சவனுக்கு, பக்கத்துல ஆள் இருக்கப்ப ஒரு ஒத்தாசைக்கு, மயங்கிப் போனவன அது மல்லாக்க திருப்பாது. 100 கரையோரத் தொழிலுக்கு. 150 ஆழ்கடலுக்கு. 275 கனத்த உடுப்பும் சாமானும் மாட்டிக்கிட்டு வேல பாக்குதவனுக்கு. 100 நியூட்டன்னா கிட்டத்தட்ட 10 கிலோவ தூக்குத சக்தி. பத்து கிலோ எப்படிலே எண்பது கிலோ ஆள தூக்கும்னு எங்க வள்ளத்துல ஒரே சிரிப்பு. அட, ஒடம்பு முக்காவாசி தானாவே மெதக்கும், மூக்கும் வாயும் மேல நிக்க நாலு கிலோ அஞ்சு கிலோ தூக்குனாலே போதும், மிச்ச சக்தி அலைய தாங்கதுக்கும் கவுந்து கெடக்குதவன மல்லாக்க திருப்பதுக்கும் ஆக்கும். கழுத்துக்கு பொறத்த தடியா ஒரு காலர் இருக்கணும், அது இல்லன்னா எந்த நம்பர் போட்டிருந்தாலும் வாங்காதிய.

நாகர்கோயில்ல ஒரு கடையில 400 ரூவாக்கு ஒண்ணு எடுத்துக் காட்டுனாவ. பாக்க நல்ல தடியா இருந்துது. உள்ள நம்பரே இல்ல, தையல் ஒத்த நூலு. ஆளு கடலுக்கு போவாதவரு போல, அண்ணே இது எல்லாரும் வாங்கதுதான்னு சொன்னாரு. எல்லாரும்னா யாருன்னு கேட்டா, போலீஸ் செக் பண்ணும்போது காட்டதுக்குன்னு சொல்லுதாரு. சிரிக்கவா அழவான்னு தெரியல. காத்தடைக்குத டைப்பு ஒண்ணு இருக்கு, கழுத்துல மெலிசா பெல்ட்டு மாதிரி கெடக்கும், தண்ணியில விழுந்தா உள்ள இருக்க 33 கிராம் கார்பன் டை ஆக்சைடு குப்பி பொட்டி ஊதிக்கும். வேல பாக்க சொகந்தான், ஆனா வெல நம்ம கைக்கு எட்டாது, ஒருக்கா ஊதுனா குப்பி மாத்தணும், வருசா வருசம் செக் பண்ணணும், தானா ஊதுத சாதியில அலை தெறிச்சே ஊதிரவும் செய்யும். வல இழுத்துட்டு நிக்கப்ப நெஞ்சுல டப்புன்னு பலூன் ஊதுனா எப்படி இருக்கும். நாங்க ஃபோம்தான் எடுத்தோம்.

சரி, வேல பாக்க முடியுமான்னு கேட்டா, பகல்ல கஷ்டந்தான். நெஞ்சு புழுங்கும், உள்ள போட்ட பனியன் நனைஞ்சு ஒட்டும். வல இழுக்கப்ப கைய முன்னால நீட்டி மடக்குதோம்ல, அந்த எடத்துல ஃபோம் தடியா இருக்கதால மொதல்ல தோள் கடுக்கும், பழகிரும். பட்டை நுனிய தொங்க விட்டா வல கண்ணியில கொளுவும், இது சின்ன விஷயம் இல்ல, வல கடல்ல எறங்கிட்டு இருக்கப்ப பட்டை மாட்டுனா ஆளையும் சேத்து கொண்டு போயிரும். நுனிய மடிச்சு ரப்பர் போட்டு கட்டி வைக்கணும். எங்க அஞ்சு ஜாக்கெட்டுக்கும் அப்படித்தான் செஞ்சிருக்கு.

இனி மாமா கதைக்கு வாறேன், ஏன்னா இந்த ரிவ்யூவுல பாதி அவியதான்.

ஜாக்கெட்ட பிரிச்சு காட்டுன அன்னைக்கு மாமா சட்டை பட்டன கழத்தி கழுத்துல கெடக்குத உத்தரியத்த, கயித்துல கோத்த மாதா துணித்துண்ட, எடுத்துக் காட்டுனாவ. "எலே மக்கா, இது கெடக்கு, இதுக்கு மேல எனக்கு என்ன வேணும். நம்ம அப்பன்மாரு கட்டுமரத்துல ஒரு கோமணத்தோட போயிட்டு வந்தாவ. மாதா பாத்துக்கிடுவா." நான் சொன்னேன், மாமா அப்பன்மாரு எல்லாரும் திரும்பி வந்துட்டாவளான்னு. அதுக்கு மாமா பதில் சொல்லல, வேற எடத்துல பிடிச்சாவ. "இயேசுசாமி படகுல போவும்போ புயல் அடிச்சுதுல்லா, அவரு ஜாக்கெட்டா போட்டிருந்தாரு? பின்னால தலையணைய வச்சு ஒறங்குனாரு." பைபிள்ல தலையணை இருக்கது உண்மைதான், மாற்கு நாலாம் அதிகாரத்துல வருது. மறுநாள் பாத்தா மாமா ஜாக்கெட்ட மடிச்சு எஞ்சின் பக்கத்துல போட்டு அதுமேல இருந்துட்டு வாறாவ. தலையணைதான்னா மாமா, நீங்களும் வேதத்துக்கு ஒத்துத்தான் போறிய.

சிரிச்சாலும் மாமா சொல்லதுல ஒரு பாரம் கெடக்கு, அத லேசா தள்ளிர முடியாது. ஓகி புயல் வந்தப்ப அவிய மச்சினன் ஒருத்தரு போனாவ, தூத்தூர் பக்கத்துல இருந்து ஆழ்கடலுக்கு போன போட்டுல. 2017 நவம்பர் 29ம் தேதி வெறும் தாழ்வு மண்டலம்னு இருந்தது 30ம் தேதி காலத்த புயலாயிட்டு, இங்க கரையில கோட்டாறு சவேரியார் திருவிழா நடந்துட்டு இருக்கு, அங்க ஆளுவ கரைய விட்டு போயி நாள்கணக்கு ஆச்சு, சொல்லவும் வழி இல்ல திரும்பவும் நேரம் இல்ல. கவுந்த வள்ளத்த பிடிச்சிட்டு, கேன பிடிச்சிட்டு நாளுக்கணக்கா கெடந்து வந்தவங்களும் உண்டு, வராமலே போனவங்க அதவிட உண்டு. வந்தவனும் ஜெபிச்சான், வராதவனும் ஜெபிச்சான். மாமாவுக்கு இது தெரியாம இல்ல. அவிய உள்ளுக்குள்ள சொல்லது என்னன்னா, நாள் குறிச்சாச்சுன்னா ஜாக்கெட் என்ன செஞ்சிரும்ங்கதுதான். அத மாதா பேர சொல்லி சொல்லுதாவ, அவ்வளவே. எனக்கு இது விசுவாசமா தெரியல. கைய கட்டிட்டு இருக்கதுக்கு ஒரு நல்ல பேரு, அவ்வளவுதான். ஆனா அத அவிய மொகத்த பாத்து சொல்ல என்னால முடியாது, மச்சினன் படம் வீட்டு சொவத்துல கெடக்கப்ப எப்படி சொல்ல.

சொன்னது அம்மைதான். எங்க அம்மைக்கு மாமா தம்பி மொறை, பயம் கெடையாது. மீனு நறுக்கிக்கிட்டே சின்னப்பரு, அதான் பவுலு, கப்பல் கதைய எடுத்து விட்டா. திருத்தூதர் பணி 27ம் அதிகாரம், நீங்களே எடுத்து வாசிச்சு பாருங்க, கடல் தெரிஞ்ச ஆளு எழுதுனதுன்னு தெரியும். சின்னப்பர கைதியா ரோமாபுரிக்கு கப்பல்ல கொண்டு போறாவ, புயலு பிடிச்சுக்கிடுது, நாள்கணக்கா சூரியனும் இல்ல நட்சத்திரமும் இல்ல, சரக்க கடல்ல தள்ளுதாவ. அப்போ சம்மனசு, அதான் தேவதூதன், ராத்திரி வந்து சொல்லுது, உன்கூட வாற ஒருத்தனுக்கும் உசுரு போவாது, கப்பல் மட்டும் போவும்னு. பதினாலாம் ராத்திரி கரை பக்கம் வருதுன்னு சந்தேகம் வந்து ஆழம் பாக்க விழுது விட்டு பாக்காவ, 20 பாகம், கொஞ்சம் போயி விட்டா 15 பாகம், ஒரு பாகம்னா ஆறடிக்கு கிட்ட. பாறையில அடிச்சிரக் கூடாதுன்னு பின்பக்கம் நாலு நங்கூரம் போட்டுட்டு எப்படா விடியும்னு இருக்காவ. இந்த எடம் வந்ததும் மாமா, பின்னாலயா போட்டாவ, அது சரிதான், மூக்கு கரைய பாத்தே நிக்கும்லான்னு தலைய ஆட்டுனாவ.

அம்மை விடல. "கேளு தம்பி. சம்மனசு சொல்லியாச்சு, ஒருத்தனும் சாவ மாட்டான்னு. அப்போ சின்னப்பரு சும்மா படுத்து ஒறங்கிருக்கலாம்லா? கப்பக்காரனுவ முன்னால நங்கூரம் போடப் போறோம்னு பொய் சொல்லிட்டு சின்ன படக எறக்கி ஓடப் பாத்தானுவ, அவரு விட்டாரா? இவனுவ போயிட்டா நீங்க ஒருத்தனும் தப்ப முடியாதுன்னு படைக்காரன்கிட்ட சொல்லி கயித்த அறுக்க வச்சாரு. பட்டினியா கெடந்தவனுவள ரொட்டி தின்ன வச்சாரு, தெம்பு வேணும்னு. கடைசில எப்படி கரை ஏறுனாவ? நீந்தத் தெரிஞ்சவன் குதிச்சான். தெரியாதவன் கப்பல் ஒடஞ்ச பலகைய பிடிச்சிட்டு போனான். 276 பேரு. ஆண்டவரு குடுத்த வாக்கு பலகை மேல ஏறித்தான் வந்துது. ஒனக்கு ஒன் மருமவன் பலகைய காசு குடுத்து வாங்கிட்டு வந்திருக்கான், நீ அதுமேல குண்டிய வச்சு இருக்க."

மாமா எந்திச்சு போயிட்டாவ. ஜாக்கெட்ட போடல. ஆனா மறுநாள்ல இருந்து பயலுவ எவனாவது போடாம வள்ளத்துல ஏறுனா ஏசுவாவ. தனக்கு வேண்டாம், பயலுவளுக்கு வேணும். அந்த கணக்கு எனக்கு இன்னைக்கும் பிடிபடல.

ஆடி மாசம் ஒரு விடியக்காலம். வலிச்சு முடிச்சிட்டு திரும்பி வாறோம், மேக்க இருந்து காத்தும் மழையும் ஒருசேர எறங்கிட்டு. துறைமொகத்து வாய் எப்பவுமே பயம்தான், மணலு வந்து அடைஞ்ச எடத்துல ஆழம் கொறஞ்சு அலை நிமிந்து ஒடையும், தேங்காய்ப்பட்டணம் முகத்துவாரத்துல வள்ளம் கவுந்து எத்தன பேரு போயிருக்காவன்னு இந்த கரையில எல்லாருக்கும் தெரியும். வெளிய நின்னு பாக்கணும், பெரிய அலை மூணு நாலு சேந்து வரும், அதுக்கு பொறத்த ஒரு ஓய்வு வரும், அந்த ஓய்வுல அலை முதுக பிடிச்சு உள்ள ஓடணும். அலைக்கு முன்னால ஓடுனா அது பின்னால இருந்து தூக்கி வள்ளத்த குறுக்க திருப்பிரும், குறுக்க திரும்புனா முடிஞ்சுது. மாமா நின்னு பாத்துட்டு இருக்காவ, இருட்டுல அலைய கண்ணால காண முடியாது, சத்தம் வச்சுதான். அப்போ ஒரு அலை எதிர்பாராம வெளியவே ஒடஞ்சுது. அணியத்துல, அதான் வள்ளத்து முன்பக்கம், கயிறு சரி பண்ணிட்டு நின்ன அக்கா மவன காணோம்.

எனக்கு தொண்டையில சத்தம் வரல. தம்பி திருப்பு திருப்புன்னு கத்துதான். மாமா திருப்பல. வள்ளத்து மூக்க அலைக்கு நேரா வச்சு பிடிச்சிட்டே சொன்னாவ, "அவன் மெதப்பான், ஜாக்கெட்டு கெடக்கு. இப்ப திருப்புனா அஞ்சு பேரும் தண்ணியில, எடுக்க ஆளு இருக்காது. டார்ச்ச அடி. கேன்ல கயித்த கட்டு." அதுக்கு பொறத்த வாய் நிக்காம அருள்நிறைந்த மரியே ஓடிட்டு இருக்கு, சத்தமா, காத்துக்கு மேல. கை மட்டும் எஞ்சின் பிடியில அசையாம. அந்த அலை கூட்டம் போற வரைக்கும் பிடிச்சு நின்னாவ. எவ்வளவு நேரம்னு கேட்டா எனக்கு தெரியாது, என் அக்காகிட்ட என்ன சொல்லதுன்னு மனசுக்குள்ள எல்லா வார்த்தையும் போட்டு பாத்துட்டேன், அவ்வளவு நேரம். ஓய்வு வந்ததும் ஒரே திருப்பு. டார்ச் வெளிச்சத்துல வெள்ளையா ரெண்டு கோடு மினுங்கிச்சு, ஜாக்கெட் தோள்ல ஒட்டியிருக்க அந்த ரிஃப்ளெக்டர் பட்டை. கேன எறிஞ்சோம், பிடிச்சான், இழுத்து போட்டோம். உப்புத்தண்ணிய கக்கிட்டு மொதல்ல அவன் கேட்டது, மீனு போச்சான்னு.

இனி அந்த ராத்திரிய வச்சு ஜாக்கெட்டுக்கு மார்க்கு போடுதேன், பட்டணத்து பையன் கொளத்துல போட்ட மார்க்கு இல்ல இது.

மெதப்பு, முழு மார்க்கு. அலை மேல வந்து மூடுனாலும் மறுபடி மேல வந்துட்டான்னு பயலே சொன்னான், கை கால் அடிக்காம. ரிஃப்ளெக்டர் பட்டை முழு மார்க்கு, அது இல்லன்னா அந்த இருட்டுல கருப்பு தலைய யாரு காங்கது. வாங்கும்போது பட்டை ரெண்டு தோளுலயும் முன்னால இருக்கான்னு பாருங்க, முதுகுல மட்டும் ஒட்டுனது எதுக்கும் ஆவாது, மெதக்குதவனுக்கு முதுகு தண்ணிக்கு உள்ளல்லா கெடக்கும். கால் பட்டைக்கு சைபர், ஏன்னா கெடையாது. தண்ணியில விழுந்ததும் ஜாக்கெட் மேல ஏறி காது வரைக்கும் வந்துட்டாம், ரெண்டு கையாலயும் கீழ பிடிச்சு இழுத்துட்டே கெடந்தானாம், அதனால கைய தூக்கி காட்டவும் முடியல. இத வாசிச்சிட்டு வேற ஒண்ணும் செய்யலன்னாலும் இத செய்யுங்க, பை தைக்குதவரு கிட்ட குடுத்து நைலான் பட்டை ரெண்டு, காலுக்கு எடையில போறது மாதிரி தச்சு வாங்குங்க, கூட ஒரு கிளிப்பும். நூறு நூத்தம்பதுக்குள்ள முடிஞ்சிரும். விசில், அத பத்தி பேசவே வேண்டாம். உள்ள ஒரு குண்டுமணி இருக்க சாதி, தண்ணி ஏறுனா மணி ஒட்டிக்கிடும், பய ஊதி ஊதி பாத்திருக்கான், புஸ்ஸுன்னு காத்து மட்டும். குண்டு இல்லாத விசில் தனியா கெடைக்கு, அத வாங்கி பழசு கெடந்த எடத்துல கட்டிருங்க.

இத சொல்லி விக்கவனுக்கு எழுதுனேன், ஆன்லைன்ல வாங்குன எடம் அது. பத்து நாள் தாண்டிட்டு, மாத்த முடியாதுன்னு ஒரு ரெடிமேடு பதில், கீழ ஒரு சிரிச்ச மொகம். அந்த சிரிச்ச மொகத்துக்கு அரை மார்க்கு கொறைச்சேன்.

இப்போ ஜாக்கெட்டு பயல காப்பாத்துச்சா, மாமா காப்பாத்துனாவளா, மாதா காப்பாத்துனாளான்னு ஊருல ஒரே பட்டிமன்றம். ஒண்ணு ஒண்ணா பிரிச்சு பாக்க எனக்கு தெரியல. ஆனா ஒண்ணு கண்ணால கண்டேன், ஜாக்கெட்டு குடுத்தது நேரம். அந்த நேரம் இல்லன்னா மாமா அந்த அலையிலயே திருப்பியிருக்கணும், இல்லன்னா பயல விட்டுட்டு போயிருக்கணும், ரெண்டுல ஒண்ணு. ரெண்டும் செய்யாம பிடிச்சு நிக்க முடிஞ்சது அவன் மெதப்பான்ங்க நம்பிக்கையில. பயம் இல்லாம ஒண்ணும் இல்ல, கரைக்கு வந்த பெறவு மாமா பீடி பத்த வைக்க தீப்பெட்டிய ஒரசுதாவ ஒரசுதாவ, குச்சி ஒடஞ்சிட்டே இருந்துது.

பங்குச் சாமியாரு கிட்ட நன்றிப்பூசைக்கு பேரு குடுக்க போன எடத்துல அம்மை விசுவாசத்துக்காவ உசுர குடுத்த தேவசகாயம் பிள்ளை கதைய பேசிட்டு வந்தா. ஒதயகிரி கோட்டையில கல்லறை இருக்குல்லா அந்த டிலனாய், கொளச்சல் போர்ல தோத்த டச்சு படைக்காரரு, அவருதான் தேவசகாயம் பிள்ளைக்கு கஷ்டகாலத்துல யோபு கதைய சொன்னது. ஞானஸ்நானம் வாங்குனது 1745ல, 1752 ஜனவரி 14ல ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில சுட்டு கொன்னுட்டாவ. 2022ல போப்பாண்டவரு புனிதர் பட்டம் குடுத்தப்ப எங்க ஊருல இருந்தும் வண்டி போச்சு காற்றாடிமலைக்கு. அம்மை கேக்கா, அவரு ஜெபிக்காமலா இருந்தாரு, அவர ஏன் காப்பாத்தலன்னு கேப்பியா? கேக்க மாட்டேல்லா. அப்போ ஓகில போனவனையும் அப்படி கேக்காத. இது மாமாவுக்கு சொன்ன பதில்தான், ஆனா என்னைய பாத்து சொன்னா. தானியேல் புத்தகத்துல சூளையில போட்ட மூணு பேரும் ராசாகிட்ட இததான் சொல்லுதானுவ, எங்க தேவன் விடுவிப்பாரு, விடுவிக்காட்டாலும் ஒன் செலைய கும்பிட மாட்டோம்னு. அந்த விடுவிக்காட்டாலும்ங்கத சொல்லத் தெரிஞ்சவனுக்குத்தான் ஜாக்கெட் போடவும் கூச்சம் இருக்காதுன்னு எனக்கு தோணுது, ஏன்னா அவன் ஆண்டவர சோதிச்சு பாக்க கடலுக்கு போவல.

மாமா இப்போ போடுதாவளான்னு கேப்பிய. துறைமொகத்து வாய் வந்தா போடுதாவ, உள்ளயும் வெளியவும். ஆழத்துல இன்னும் தலையணைதான். ஏன் மாமா மனசு மாறிட்டியன்னு தம்பி கேட்டதுக்கு, "எனக்கு ஒண்ணும் இல்லடே, நான் விழுந்தா ஒங்க நாலு பேருக்கு எஞ்சின் யாரு பிடிப்பா"ன்னாவ. உத்தரியம் ஜாக்கெட்டுக்கு மேல கெடக்கு, உள்ள போட்டா ஒரசுதாம்.

அந்த தலையணை விஷயத்துல மட்டும் நான் விடமாட்டேன், ஏன்னா இது ஃபோம் ஜாக்கெட்டுக்கு பெரிய கேடு. மேல ஒக்காந்தா ஃபோம் அமுங்கி அமுங்கி உள்ள காத்து கொறையும், மெதப்பு போயிரும், வெளிய பாக்க ஒண்ணும் தெரியாது. மாமா ஜாக்கெட்ட துறைமொகத்துக்கு உள்ள ஒரு நாள் நான் போட்டு குதிச்சு பாத்தேன், மத்தத விட தாழ்ந்துதான் நிக்குது. புதுசு ஒண்ணு வாங்கியாச்சு, பழச தலையணைக்குன்னே குடுத்தாச்சு. நீங்களும் சீசன் தொடங்க முன்ன ஒருக்கா போட்டு, ஆழம் கொறஞ்ச எடத்துல, பக்கத்துல ஆள வச்சுக்கிட்டு மல்லாக்க கெடந்து பாருங்க. வாய் நல்லா மேல நிக்கணும்.

கழுவுதது நல்லதண்ணியில, சோப்பு லேசா போதும், காய வைக்கது நெழல்ல. வெயில்ல போட்டா துணி வெளிறி நூலு இத்து போவும். பெட்ரோலு மண்ணெண்ண பட்டா ஒடனே கழுவிருங்க, ஃபோமும் தையலும் கெட்டுப்போவும். கவுச்சி போவாது, அத எதிர்பாக்காதிய. ஜிப்பு வச்சத விட கிளிப்பு மட்டும் வச்ச மாடல் பாத்து எடுங்க, எங்களுக்கு ஜிப்பு போன பெறவு ரெண்டு கிளிப்புலதான் நிக்குது.

ஜாக்கெட்டு மட்டும் இருந்தா பத்தாது, நீங்க தண்ணியில கெடக்கியன்னு ஒருத்தனுக்கு தெரியணும். விஎச்எஃப் வயர்லெஸ் செட் இருந்தா ஆபத்துக்கு கூப்பிட சேனல் 16, அத எப்பவும் தொறந்து வைங்க. கோஸ்ட் கார்டு நம்பர் 1554, கடலோர போலீஸ் 1093. எங்க அம்மை இந்த ரெண்டையும் மாதா படத்துக்கு கீழ காலண்டர்ல பெருசா எழுதி வச்சிருக்கா, நாங்க வாற நேரம் தாண்டிட்டுன்னா ஒரு கையில செபமாலை, இன்னொரு கையில போனு, சார்ஜ் எப்பவும் நெறச்சு வச்சிருப்பா. செபமாலையில எந்த எடம் வரப்ப போன் அடிக்கணும்னு அவளுக்கு ஒரு கணக்கு உண்டு.

சைசு பாத்து வாங்குங்க, உள்ள எடை போட்டிருக்கும், ஆனா எடைய மட்டும் நம்பாதிய, நெஞ்சளவும் எடுங்க. எங்க தம்பி மெலிஞ்ச ஆளு, எடைக்கு சரின்னு எடுத்தது தோள்ல நிக்காம வழுவுது. பிள்ளையளுக்கு பெரியவிய ஜாக்கெட்ட எறுக்கி கட்டி போடவே போடாதிய, கழுத்து வழியா உருவிரும், அதுக்கு பிள்ளை சைசு தனியா உண்டு, 900 ரூவாய்ல இருந்து கெடைக்கு.